மைக்க அழுத்துனா நிக்கிற வண்டி

அண்ணன் பொணத்தத் தூக்குறதுக்கு முன்னாடியே நான் அவன் வேல பாத்த எடத்து சூப்பர்வைசரு மூஞ்சியில இரும்புக் கொழாயால அடிச்சிட்டேன். பந்தல் போட வந்தவங்க மிச்சம் வச்சிட்டுப் போன கொழாய் அது. வேணும்னு தேடி எடுக்கல. கைக்குப் பக்கத்துல கொழாய் இருந்துச்சி, அவரு மூஞ்சியும் பக்கத்துல இருந்துச்சி.

அவரு மரியாதயாத்தான் வந்தாரு. மாலயப் போட்டாரு, கும்புட்டாரு. அப்பறம் தண்ணி டிரம் பக்கம் போயி நின்னுகினு, கூட வந்த ஆள்கிட்ட சன்னமா சொல்றாரு. முந்தின நாள் போட்டது தெளிஞ்சிருக்காது, இல்லன்னா பட்டப்பகல்ல காஞ்ச ரோட்டுல எவன் வண்டியக் கவுப்பான்னு. டிரம்முக்கு அந்தாண்ட நான் குனிஞ்சி மொகம் கழுவிகினு இருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

ஒரே அடி. ஒதடு கிழிஞ்சி தொங்கிடுச்சி. பல்லு ஒண்ணு அவரு சட்டையில வுழுந்துச்சி. மேளம் அடிக்கிறவங்க நிறுத்திட்டாங்க. நாலு ஆம்பளைங்க என் மயிரப் புடிச்சி இழுத்துகினு போனாங்க, ஒருத்தன் முட்டியால முதுகுலயே குத்துனான். அண்ணன் தல மாட்டுல உக்காந்திருந்த அம்மா எழுந்து வந்துச்சி. தடுக்க வருதுன்னு எல்லாரும் வழி வுட்டாங்க.

"ஏண்டி நிறுத்திட்ட? இன்னொன்னு போடு"ன்னுச்சி.

அண்ணன் குடிக்கவே மாட்டான்னு நான் சொல்லல. ஞாயித்துக்கெழம குடிப்பான். வேலைக்குப் போற நாள்ல மோந்துகூட பாக்க மாட்டான். ஆனா பிரேக்கு நல்லா இருக்கு, டயரு புதுசு, எதுத்தாப்ல வண்டி இடிக்கல, மழ இல்ல. அப்பறம் ஏன் வண்டி போயி கவுந்துச்சின்னு கேட்டா, குடிச்சிருந்தான்னு சொல்றதுதான் எல்லாருக்கும் சுலுவா இருந்துச்சி. அன்னிக்கி எனக்கும் ஏன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தக் கொழாய என் தலயிலதான் போட்டுக்கினு இருப்பேன்.

நாங்க வடக்குத்துங்குற ஊருல இருக்கோம். அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. அண்ணன் டிப்பர் ஓட்டுனான். ஒரு தனியாரு ஓனரு கிட்ட ஆறு டிப்பரு. மண்மேட்டு மேலேந்து மண்ணு அள்ளியாந்து, ரோடு போடுற எடத்துல கொட்டணும். ரோடு சுத்திதான் வரணும், மேலேந்து கீழ வரைக்கும் ஒத்த வண்டி போற அகலம்தான். நடுவுல ஒரு வளவு. அந்த வளவுல மேல வர்ற வண்டியும் கீழ வர்ற வண்டியும் ஒண்ணுக்கொண்ணு தெரியாது. அதனால ஒரு சட்டம் வச்சிருந்தாங்க. லோடோட எறங்குறவன் வயர்லெஸ் மைக்க அழுத்தி 'எறங்குறேன்'னு சொல்லணும். கீழ இருக்குறவன் அகலமான எடத்துல ஒதுங்கி நிக்கணும். செல்போனு அங்க டவரு சரியா கெடைக்காது, கெடச்சாலும் ஓட்டும்போது பேசக்கூடாது.

அந்த ஆறு வண்டிக்கும் வயர்லெஸ் மாட்டுனது நான்.

எனக்குப் படிப்பு எட்டாவதோட நின்னுடுச்சி. பக்கத்துல இருக்குற கம்பெனி டவுன்ஷிப்புல குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸா டிவி டிஷ்ஷு மாட்டிகினு இருந்தேன். பொம்பளப்புள்ள ஏணியில ஏறுதேன்னு மொதல்ல சிரிச்சாங்க. அப்பறம் ஆம்பள இல்லாத நேரத்துல வூட்டுக்குள்ள வர என்னத்தான் கூப்புட்டாங்க. டவுன்ஷிப்புல ஒரு வழக்கம் உண்டு. பர்மனென்ட் ஆளுங்க ஒரே குவார்ட்டர்ஸ்ல கெடக்க மாட்டாங்க. பிரமோஷன் வந்தா பெரிய குவார்ட்டர்ஸ், இந்த பிளாக்குலேந்து அந்த பிளாக்கு. டிஷ்ஷக் கழட்டிகினு போயி அங்க மாட்டணும். கேபிளு பத்தலன்னா நம்மளத்தான் திட்டுவாங்க. அதனால எங்க தொழில்ல எல்லாரும் பத்தடி கேபிள சேத்து வுட்டு, வளையமா சுத்தி, பிளாஸ்டிக் டேக் போட்டு டிவிக்குப் பின்னாடி கட்டிடுவோம். வளையம் அழகா இருந்தா நல்ல வேலக்காரின்னு அர்த்தம். என் வளையம் ரொம்ப அழகா இருக்கும்.

ஓனரு வயர்லெஸ் செட்டு ஆறு வாங்கியாந்ததும் அண்ணன்தான் என்னச் சொல்லிவுட்டான். என் தங்கச்சி ஒயரு வேலையில கில்லி, வெளியாள் எதுக்குன்னு. நானும் போனேன். ஆண்டனாவ கேபினு கூர நடுவுல மாட்டணும்னு பேப்பர்ல படம் இருந்துச்சி. டிரைவருங்க வேணாம்னாங்க. மண்ணள்ளுற மிஷினோட பக்கெட்டு கேபினு மேலயே சுத்தும், ஒடச்சிடும்னாங்க. சரின்னு சைடு கண்ணாடி ஸ்டாண்டுல மாட்டுனேன். செட்டோட வந்த கேபிளு அங்கேந்து எட்டல. என் கிட்ட டிஷ் கேபிளு ஒரு கட்டு கெடந்துச்சி. வெட்டி ஒட்டுனேன். கேபிளுன்னா கேபிளுதானே. கரண்டு, டேஷ்போர்டுக்குப் பின்னாடி எந்த ஒயரு கிட்ட இருந்துச்சோ அதுலேந்து எடுத்தேன். அப்பறம் பழக்க தோஷம். ஒவ்வொரு வண்டியிலயும் பத்தடி சேத்து வுட்டு, வளையமா சுத்தி, உள்ள ஒரு அலுமினியப் பொட்டி இருந்துச்சி, அது மேல வச்சி டேக் போட்டுக் கட்டுனேன். அது எஞ்சினுக்கு மூளன்னு எனக்குத் தெரியாது. மெக்கானிக்குங்க ஈசிஎம்னு சொல்லுவாங்க. இந்தக் கால டிப்பர்ல ஆக்ஸிலேட்டர மிதிச்சா கம்பி இழுக்கறதில்ல. அந்தப் பொட்டிக்கு சேதி போவுது, அது சொன்னாத்தான் எஞ்சினுக்கு டீசலு.

சூப்பர்வைசரு பாத்துட்டு, ஆம்பளைங்க மாட்டுனா ஒயரு கொடலு மாரித் தொங்கும், இது சடை பின்னுன மாரி இருக்குன்னாரு. அண்ணன் அதையே ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சான்.

ஒரு மாசம் போயிருக்கும். சோத்துல கை வச்சிகினே அண்ணன் சொன்னான், மைக்க அழுத்துனா வண்டி இருமுது பாப்பான்னு. வண்டிக்கு உன்ன மாரி பீடிப் பழக்கம் வந்துடுச்சான்னு நான் கிண்டல் பண்ணேன். இல்ல பாப்பா, அழுத்துனா மீட்டரு முள்ளு கூத்தாடுது, ஒரு தடவ எஞ்சினு நின்னே போச்சி, வுட்டா சரியாயிடுதுன்னான்.

எனக்கு எங்கேந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ. எங்க வூட்டுல எல்லாருக்குமே கைதான் முன்னாடி வரும், வாயி அப்பறம். அவன் தட்ட எட்டி ஒதச்சிட்டேன். சோறு செவுத்துல போயி ஒட்டுச்சி. உனக்கு வண்டி ஓட்டத் தெரியல, என் ஒயரக் கொற சொல்லாதன்னேன். அவன் எழுந்து என் மண்டையில ஒரு கொட்டு வச்சான், வலிக்கிற மாரித்தான். அப்பறம் சிரிச்சிட்டான். செவுத்துலேந்து சோத்த வழிச்சிகினே, "சரிங்க ஒயரு டாக்டரம்மா, நீங்க சொன்னா சரி"ன்னான். அதுக்கப்பறம் அதப் பத்திப் பேசவே இல்ல. அவன் பேசலங்குறதையே நான் சரியாயிடுச்சின்னு எடுத்துக்கினேன்.

மூணாம் நாள் பால் தெளிச்ச மறுநாள் ஓனரு ஷெட்டுக்குப் போனேன். நொறுங்குன வண்டியக் கொண்டாந்து போட்டிருந்தாங்க. அவன் டிபன் கேரியரும் செருப்பும் உள்ளயே கெடக்குன்னு சொல்லியிருந்தாங்க. கேபினு தகர டப்பாவ மிதிச்ச மாரி இருந்துச்சி. சீட்டுல ரத்தம் காஞ்சி கறுப்பா பொறுக்குத் தட்டியிருந்துச்சி, எறும்பு ஓடுது. செருப்பு ஒண்ணுதான் கெடச்சிச்சி. இன்னொண்ண எடுக்க டேஷ்போர்டுக்கு அடியில கையவுட்டேன். டேஷ்போர்டு ஒடஞ்சி தொறந்துகினு இருந்துச்சி. உள்ள பாக்குறேன், அந்தப் பொட்டி. பொட்டி மேல என் வளையம். அவ்ளோ நொறுங்குன வண்டியில அது மட்டும் கலையல. டேக்குகூட அறுவல.

வண்டி இருமுதுன்னு அவன் சொன்னது அப்பத்தான் காதுல வுழுந்துச்சி. சொன்ன அன்னிக்கி வுழல.

டேக்க பல்லால கடிச்சி அறுத்தேன். கேபிள இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிஞ்சிடுச்சி. வளையத்த எடுத்து அந்தப் பொட்டியிலயே அடிச்சேன், அப்பறம் என் நெத்திய ஸ்டீரிங்கு கம்பியில மோதிகினேன். எத்தினி தடவன்னு தெரியாது. வாட்ச்மேன் வந்து வெளிய இழுத்துப் போட்டாரு. பாவம், அண்ணன நெனச்சி அழுவுறான்னு நெனச்சிட்டாரு.

அப்பவும் நான் முழுசா நம்பல, நம்ப இஷ்டமில்ல. வூட்டுல அந்த செட்டோட வந்த பேப்பரு இருந்துச்சி, ரேஷன் கார்ட அதுல மடிச்சி வச்சிருந்தேன். இங்கிலீசு. போனு கேமராவக் காட்டுனா தமிழ்ல படிச்சிக் காட்டும். பாதி ஒளறுச்சி. ஆனா படத்துக்கு மொழி தேவையில்ல. ஒயர வண்டி ஒயரு கூட சேத்துக் கட்டுன படம், பெருக்கல் குறி. மிச்சக் கேபிள சுருட்டி வச்ச படம், பெருக்கல் குறி. செட்டு ஒயரு பக்கத்துலயே அந்த எஞ்சின் பொட்டி, பெருக்கல் குறி. நான் பண்ண ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம் போட்டு, ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான். எனக்காவே வரஞ்ச மாரி.

மீதி அஞ்சி டிப்பரும் ஓடிகினுதான் இருந்துச்சி. அஞ்சிலயும் அதே வளையம்.

நான் போயி சொல்லணும், அவ்ளோதான். ஒரு வார்த்த. மூணு நாள் சொல்லல. ஏன் சொல்லலன்னு இப்ப மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அம்மா தெனம் ஷெட்டு வாசல்ல போயி உக்காந்துகினு, என் புள்ளயக் குடிகாரன்னு சொன்னவன் குடும்பம் வெளங்காதுன்னு மண்ணவாரித் தூத்திகினு இருக்கு. ஒரு நாள் ஓனரு காரு கண்ணாடிய செங்கல்லால ஒடச்சிட்டு வந்துச்சி. நான் சோறு போட்டா சாப்புடுது, எனக்கு மீதி இருக்கறது நீதான்டின்னு என் தலயத் தடவுது. அந்தக் கைக்கு முன்னாடி எப்புடிச் சொல்றது. அண்ணனும் போயி அம்மாவும் போயிடுமேன்னு பயம்.

நாலாவது நாள், சொல்லாமயே வண்டிய நிறுத்திடலாம்னு ஒரு புத்தி. மண்மேட்டு ரோட்டுக்குப் போனேன். காலையில பத்து மணி இருக்கும். காலி வண்டி ஒண்ணு மேல ஏறி வருது. ரெண்டு கையாலயும் கருங்கல்லு தூக்கி முன் கண்ணாடியில வுட்டேன். கண்ணாடி பொரிஞ்சிடுச்சி. வண்டி நின்னுச்சி. எறங்குனது அண்ணனோட கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க, பாடைக்கு முன்பக்கத்தத் தூக்குனது அவருதான். நான் அவரையும் அண்ணான்னுதான் கூப்புடுவேன்.

அவரு வந்த வேகத்துல பளார்னு ஒரு அற வுட்டாரு. கண்ணாடி செதறி அவரு கன்னத்துலயும் ரத்தம். அம்மாவும் பொண்ணும் சேந்து எங்க பொழப்பையும் கெடுக்கப் பாக்குறீங்களா, இதுக்கு ஓனரு என் சம்பளத்துலதான் கை வப்பான்னு கத்துறாரு. நான் அவரு சட்டையப் புடிச்சி, மைக்க அழுத்துங்கண்ணான்னேன். அவருக்குப் புரியல. மறுபடியும் அழுத்துங்கண்ணான்னேன், அழுதுகினே. வண்டிக்குள்ள ஏறுங்க, எஞ்சின ரேஸ் பண்ணுங்க, மைக்க அழுத்துங்க, அண்ணன் செத்தது ஏன்னு காட்டுறேன்.

ஏறுனாரு. வீலுக்குக் கல்லு வச்சேன். ஆக்ஸிலேட்டர மிதிச்சிப் புடிச்சிகினு மைக்க அழுத்துனாரு. முள்ளு துடிச்சிச்சி. எஞ்சினு ஒரு தடவ குலுங்கி நின்னுடுச்சி. நின்ன ஒடனே ஸ்டீரிங்கத் திருப்பச் சொன்னேன். கல்லு மாரி இருக்கு. எஞ்சினு ஓடுனாத்தான் ஸ்டீரிங்கு லேசா திரும்பும். எறக்கத்துல, வளவுல, முதுகுல அத்தினி டன்னு மண்ணோட அது கல்லாப் போனா, பிரேக்க மிதிச்சாலும் வண்டி நேராத்தான் போவும். நேரா போனா பள்ளம்.

டேஷ்போர்டக் கழட்டி வளையத்தக் காட்டுனேன். இது நான் கட்டுனதுண்ணா, ஆறுலயும் நான்தான் கட்டுனேன்னேன்.

அவரு கீழ எறங்குனாரு. இந்தத் தடவ அறயல, குத்துனாரு. வாயில, வயித்துல. நான் கையத் தூக்கல. கீழ வுழுந்ததும் ஒதச்சாரு. விலாவுல ஒண்ணு வுழுந்துச்சி, மூச்சே வரல. இன்னும் ரெண்டு வுழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சி. அப்பறம் அவரே பொத்துனு ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டாரு. கன்னத்து ரத்தத்தத் தொடச்சிகினாரு.

"எங்களுக்கெல்லாம் தெரியும்"னாரு.

வண்டி இருமறது ஆறு டிரைவருக்கும் தெரியுமாம். சூப்பர்வைசர்கிட்ட சொல்லலாம்னு கெளம்புனப்ப அண்ணன்தான் தடுத்திருக்கான். என் தங்கச்சி மொதமொதல்ல பெரிய வேல எடுத்துச் செஞ்சிருக்கு, கெட்ட பேரு வந்தா அடுத்த வேல கெடைக்காது, நானே சொல்லி மாத்தச் சொல்றேன், அதுவரைக்கும் இப்புடிப் பண்ணுங்கன்னு ஒரு வழி சொல்லிக் குடுத்திருக்கான். மேல சமதரையில நியூட்ரல்ல நிறுத்தி, மைக்குல சொல்லிட்டு, அப்பறம் எறங்குங்க. ஓடும்போது மைக்கத் தொடாதீங்கன்னு. எல்லாரும் அப்புடியே பண்ணியிருக்காங்க. என்கிட்ட சொன்னான்தான். நான்தான் தட்ட ஒதச்சனே.

அன்னிக்கி அண்ணன் மேலயே சொல்லிட்டு எறங்கியிருக்கான். கீழேந்து புதுசா வந்த தண்ணி லாரிக்காரன், சட்டம் தெரியாம, பாதி ரோடு ஏறி வந்துட்டு, ரோடு போடுறவங்க குடுத்த கை வயர்லெஸ்ல வர்றேன்னு சொல்லியிருக்கான். வளவுல ரெண்டும் மோதிக்கும். அண்ணன் ஓடுற வண்டியில மைக்க எடுத்திருக்கான். கூட்டாளி வண்டியிலயும் அந்தக் கொரலு கேட்டிருக்கு. "நில்லு, நில்லு, ஏறாத" அவ்ளோதான், அறுந்துபோச்சி. தண்ணி லாரிக்காரன் நின்னுட்டான்.

நீங்க ஏன் போலீசுல இதச் சொல்லலன்னு கேட்டேன். ஓடுற வண்டியில நின்னதுன்னு எங்களுக்கு என்னா நிச்சயம், அதுவுமில்லாம சொன்னா ஒன்னத்தானே இழுப்பாங்க, அவன் மொகத்துக்காவ வுட்டோம்னாரு. அப்ப அவனக் குடிகாரன்னு சொல்ல வுட்டீங்களேன்னேன். நான் அவர அடிக்கணும்னு கையத் தூக்குனேன், விலா புடிச்சிகினு தூக்க முடியல.

அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேன். அடுப்பு முன்னாடி குந்திகினு இருந்துச்சி. மூஞ்சி வீங்கி வந்தவளப் பாத்து எவன்டி அடிச்சான்னு எழுந்துச்சி. நான் நின்னுகினே எல்லாத்தையும் சொன்னேன். வளையம், தட்ட ஒதச்சது, கூட்டாளி சொன்னது. எதையும் கொறைக்கல.

அம்மா அடுப்புலேந்து எரியிற கட்டைய உருவி அடிச்சிச்சி. தோள்ல, கையில, ஓட ஓட இல்ல, நான் ஓடல. துணி பொசுங்கி தோலு கருகுன நாத்தம் வந்துச்சி. கட்ட ஒடஞ்சதும் கையால அடிச்சிச்சி. கை ஓஞ்சதும் என் மயிரப் புடிச்சி மூஞ்சிய நிமுத்தி, எச்சி தெறிக்க, "இத இங்க என்னாத்துக்குச் சொல்ற? எம்புள்ளயக் குடிகாரன்னு சொன்னவன் மூஞ்சிக்கு நேரா போயி சொல்லுடி"ன்னுச்சி.

மறுநாள் ஷிப்ட்டு ஏர்றதுக்கு முன்னாடி போனேன். அம்மா எனக்கு முன்னாடி நடந்து போச்சி, திரும்பியே பாக்கல. ஷெட்டுல அஞ்சி டிரைவரும் இருந்தாங்க. சூப்பர்வைசரு ஒதட்டுல தையலு போட்டிருந்தாரு, என்னப் பாத்ததும் ரெண்டடி பின்னால போனாரு. நான் சொன்னேன். வண்டி நின்னது என் ஒயராலங்க, எங்கண்ணன் குடிக்கல, லாரிக்காரன நிறுத்த மைக்க எடுத்தான்னேன். கூட்டாளி முன்னாடி வந்து ஆமான்னாரு. நம்பலன்னா பாருங்கன்னு ஒரு வண்டிய ஸ்டார்ட் பண்ணி மைக்க அழுத்துனாரு. நின்னுச்சி. அடுத்தது. நின்னுச்சி. மூணாவது நிக்கல, ஆனா முள்ளு ஆடுச்சி.

ஒரு டிரைவரு என் மேல எச்சியத் துப்புனாரு. அவருக்கு ரெண்டு புள்ளைங்க. நான் தொடச்சிக்கல.

சூப்பர்வைசரு தையலு போட்ட வாயால பாதி வார்த்தயா பேசுனாரு. அம்மா கிட்ட போயி நின்னு, தப்பா சொல்லிட்டங்கம்மான்னாரு. அம்மா அவரு கன்னத்துல தையலு இல்லாத பக்கமா ஒரு அற வுட்டுட்டு, தரையில உக்காந்துகினு, அண்ணன் செத்த அன்னிக்கி அழுவாத அழுகயெல்லாம் அழுதுச்சி. ஓனரு வெளியூரு மெக்கானிக்க கூப்புடறேன்னாரு. கூட்டாளிதான், அவதான் கட்டுனா, எது எங்க போவுதுன்னு அவளுக்குத்தான் தெரியும், அவளே அவுக்கட்டும், வர்றவரு பாத்துச் சொல்லட்டும்னாரு.

வேல முடிய ரெண்டு நாள் ஆச்சி. கையில தீப்புண்ணு, விலாவுல வலி, குனிஞ்சா கண்ணு இருட்டும். அஞ்சி வண்டி டேஷ்போர்டையும் தொறந்தேன். ஒவ்வொரு வளையத்தையும் அறுத்தேன். டிஷ் கேபிளு ஒரு அடிகூட வுடல. அது டிவிக்கு சேதிய உள்ள கொண்டார்றதுக்கு மட்டும்தானாம். வயர்லெஸ்சு வெளிய தள்ளுற வேகத்துக்கு அது தாங்காது, ஆண்டனா வழியா போவ வேண்டியது திரும்பி வந்து கேபிளு மேலயே வழியுமாம், பக்கத்துல எந்த ஒயரு இருக்கோ அதுல ஏறிக்குமாம். மெக்கானிக்கு சொன்னாரு. இப்ப வயர்லெஸ்சுக்குன்னே விக்கிற தடிச்ச கேபிளு, எவ்ளோ தேவயோ அவ்ளோதான், ஒரு சாணு மிச்சமில்ல. ஆண்டனாவுக்கு அடியில ஸ்பிரிங்கு வச்சி கூர நடுவுல. பக்கெட்டு பட்டா சாஞ்சி எழுந்துக்கும். இத அன்னிக்கே யோசிச்சிருக்கலாம். கரண்டு ரெண்டு ஒயரும் நேரா பேட்டரியிலேந்து, ரெண்டுலயும் பியூஸு. செட்டோட வந்துச்சே, வண்டி வோல்ட்ட செட்டுக்கு ஏத்த மாரி கொறைக்கிற சின்னப் பொட்டி, அத சீட்டுக்குப் பின்னாடி தள்ளிட்டேன். செட்டோட ஒயரு எல்லாம் ஈசிஎம் இல்லாத பக்கமா.

அப்பறம் வீலுக்குக் கல்லு வச்சி, லைட்டு, வைப்பரு எல்லாத்தையும் போட்டு, எஞ்சின முழுசா ரேஸ் பண்ணி மைக்க அழுத்திப் பாத்தோம். நாலு வண்டியில எஞ்சினு கம்முனு ஓடிகினே இருந்துச்சி. ஒண்ணு மட்டும் லேசா முள்ளு ஆடுச்சி. மெக்கானிக்கு வுட்டாலும் நான் வுடல. கூர மேல ஏறி ஆண்டனாவ அவுத்துப் பாத்தா, அடியில பெயின்ட்டு. எர்த்து புடிக்கல. உப்புத்தாளு போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சேன். இரும்பு தெரிஞ்ச அப்பறமும் தேய்ச்சிகினே இருந்தேன், வெரலு தோலு போயி கூர மேல ரத்தம் இழுவுச்சி. போதும் எறங்கு தங்கச்சின்னு கீழேந்து கூட்டாளி சொன்னாரு. அடிச்ச அப்பறம் மொதத் தடவயா தங்கச்சின்னாரு.

மறுபடி ரோட்டுல ஓட்டிப் பாக்கணும்னப்ப, மொத வண்டியில லோடோட எறங்குறது யாருன்னு எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினாங்க. கூட்டாளி ஏறுனாரு. நானும் ஏறுனேன். பொம்பளய லோடு வண்டியில ஏத்தக்கூடாதுன்னு சூப்பர்வைசரு வாய்க்குள்ள சொன்னாரு, ஆனா கதவ அவருதான் சாத்துனாரு.

மேல மண்ணு ஏத்துனாங்க. சமதரையில ஒரு தடவ மைக்குல சொல்லிட்டு எறங்குனாரு. வளவு வருது. இடது பக்கம் பள்ளத்துல அண்ணன் வண்டி உருண்ட தடம் இன்னும் செவப்பா தெரியுது, ஒடஞ்ச கண்ணாடி மின்னுது. கூட்டாளிக்கு வேர்த்து ஊத்துது. ஒரு கையி ஸ்டீரிங்குல, இன்னொரு கையால மைக்க எடுத்து என் மூஞ்சியப் பாத்தாரு. நான் தலய ஆட்டுனேன். அதே எடத்துல அழுத்துனாரு.

"எறங்குறேன், கீழ நில்லு."

எஞ்சினு அப்புடியே ஓடுது. முள்ளு அசையல. ஸ்டீரிங்கு வெண்ண மாரி திரும்புது. கீழேந்து ஒருத்தரு, நிக்கிறேன் வாங்கன்னு பதில் சொல்றாரு, கொரலு தெளிவா கேக்குது.

இவ்ளோதானா. ரெண்டு நாள் வேல. ஒரு சாணு கேபிளு, ஒரு உப்புத்தாளு. அவன் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து சொன்ன அன்னிக்கே நான் எழுந்து போயி பண்ணியிருக்கலாம். டேஷ்போர்ட கை முட்டியால குத்துனேன். மறுபடியும் மறுபடியும். பிளாஸ்டிக்கு வெடிச்சி, தீப்புண்ணு பிஞ்சி ரத்தம் கூட்டாளி மடியில தெறிச்சிச்சி. நான் கத்துறது மைக்குல போயிடக்கூடாதுன்னு அவரு மைக்க ஜன்னல் பக்கமாத் தள்ளிப் புடிச்சிகினாரு. என்னத் தடுக்கல. வண்டியையும் நிறுத்தல. லோடோட எறக்கத்துல நிறுத்தக்கூடாது, கீழ வேற வண்டி நமக்காவ ஒதுங்கி நிக்கிது.